மலையகச் சிறு வியாபாரங்களுக்கான தரவுக் காப்பும் அனர்த்த மீட்புத் திட்டமும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் சரிவுகள் இரண்டொரு நாளுக்குள் பல இடங்களில் இறங்கின. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்தில் மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அறுந்தன. கணினித் தரவைக் காப்பது பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரு நகரத்துக் காரியாலயத்தை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அங்கே கட்டடம் எரிந்தாலும் வீதி இருக்கும், மின்சாரம் போனாலும் தொலைபேசி இருக்கும். ஹட்டனிலோ பசறையிலோ வெலிமடையிலோ கடை வைத்திருப்பவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆகவே எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பதற்கு முன்பாக, அவை எந்தச் சரிவில் இருக்கின்றன, வீதி மூடியிருக்கும்போது யார் அவற்றை எடுப்பார் என்ற கேள்விகளிலிருந்தே இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

எதைக் காப்பது

ஒரு தாளை எடுத்து, இன்றிரவு கடையே இல்லாமற் போனால் எவையெல்லாம் இல்லாமல் நாளை வியாபாரம் நகராது என்று எழுதுங்கள். பலர் முதலில் எழுதுவது கணினியின் பெயரை. கணினியைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதற்குள் இருப்பதை வாங்க முடியாது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் போட்ட கணக்கு, பில் போடும் மென்பொருளின் தரவு, ஊழியர் சேமலாப நிதி மற்றும் ஊழியர் நம்பிக்கை நிதிப் பதிவுகள், வழங்குநர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய நிலுவை, வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த கட்டளைகள் என்பன பெரும்பாலான கடைகளின் பட்டியலில் இருக்கும். உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் வியாபாரப் பதிவேடுகளை ஆகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால், நடப்பு ஆண்டின் கணக்கை மட்டும் காத்தால் போதாது.

மலையகத்தின் பல கடைகளில் மிகப் பெறுமதியான தரவு கணினிக்குள் இருப்பதில்லை. அது கல்லாப் பெட்டிக்கு அருகே கிடக்கும் கடன் கொப்பியில் இருக்கிறது. தோட்டத்துச் சம்பள நாள் வரை கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரருக்கு அந்தக் கொப்பி அழிந்தால் மாத வருமானத்தின் பெரும்பகுதி மனித நினைவை மட்டுமே நம்பி நிற்கும். சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து சேகரிப்பவரின் நிலையும் இதுவே: யார் எந்த நாளில் எத்தனை கிலோ கொடுத்தார், எவ்வளவு முற்பணம் வாங்கினார் என்ற பதிவு தொலைந்தால் மாத இறுதியில் இரு தரப்புக்கும் பேச்சு முற்றும். இதற்குக் கணினி தேவையில்லை. கடை மூடுவதற்கு முன் அன்று எழுதிய பக்கங்களை மட்டும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கூகுள் போட்டோஸ் போன்ற சேவையில் தானாகவே ஏறும்படி அமைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் திகதி எழுதியிருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். பென்சிலால் எழுதிய பக்கத்தைப் படமெடுத்த பின் பெரிதாக்கி, எண்கள் வாசிக்கக்கூடியனவா என்று பார்க்க வேண்டும். 3 க்கும் 8 க்கும் வித்தியாசம் தெரியாத படம் பிரதியாகாது.

வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், வங்கிக் கணக்கு விபரம், மென்பொருள் உரிம இலக்கம் ஆகியவற்றையும் ஸ்கான் செய்து அதே இடத்தில் சேருங்கள். மாதம் ஒருமுறை கடையின் தட்டுகளை மெதுவாக வீடியோ எடுத்து வைப்பது காப்புறுதிக் கோரிக்கையின்போது உதவும். உங்கள் காப்புறுதியில் தீ மட்டுமா, மண்சரிவும் வெள்ளமும் அடங்குகின்றனவா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவை இழக்கலாம், எவ்வளவு நாள் காத்திருக்கலாம்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பதில்கள் எழுத வேண்டும். கடைசிப் பிரதிக்கும் அனர்த்தத்துக்கும் இடையில் செய்த வேலையில் எவ்வளவு போனாலும் தாங்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு காலத்துக்குள் அது மீண்டும் கையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு. பண்டாரவளையில் ஒரு பாமசி என்று வைத்துக்கொள்வோம். கையால் எழுதும் பில் புத்தகம் இருந்தால் அது இரண்டு நாளுக்குக் கணினி இல்லாமல் மருந்து விற்கலாம். ஆனால் எந்த மருந்து எந்தத் திகதியில் காலாவதியாகிறது என்ற பதிவில் ஒரு கிழமையை இழந்தாலும் அலுமாரி முழுவதையும் கையால் பார்க்க வேண்டி வரும். கலியாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு நிலைமை நேர்மாறு. படத்தொகுப்பைக் கொடுக்க இரண்டு கிழமை பிந்தினால் வாடிக்கையாளர் பொறுப்பார். தாலி கட்டிய படம் போய்விட்டால் அதை மீண்டும் எடுக்க வழியில்லை. எனவே ஸ்டூடியோக்காரர் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி சேரும் வரை கமராவின் மெமரி கார்டை அழிக்கவே கூடாது.

நாளாந்தம் மாறும் தரவை நாளாந்தமும், மாதம் ஒருமுறை மாறுவதை மாதம் ஒருமுறையும் பிரதி எடுப்பது போதுமானது. எல்லாவற்றையும் தினமும் எடுக்க முயன்று மூன்றாம் கிழமையில் கைவிடுவதை விட, பில் தரவை மட்டும் தவறாமல் எடுப்பது மேல்.

பிரதிகள் எங்கே இருக்க வேண்டும்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி இன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது: தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். விதி நல்லதே. ஆனால் அந்த 'வேறிடம்' மலையகத்தில் தனியாக யோசிக்க வேண்டியது.

பெரும்பாலான கடைக்காரர்கள் வேறிடம் என்று தேர்ந்தெடுப்பது தமது வீட்டை. கடை கீழ்ப் பாதையிலும் வீடு அதே மலையின் மேல் பாதையிலும் இருக்குமானால் அது வேறிடம் அல்ல. ஒரே சரிவில், ஒரே ஓடையின் கரையில், ஒரே மின்மாற்றியின் கீழ் இருப்பவை ஒன்றாகவே பாதிக்கப்படும். விதைக்கிழங்கை விற்பனைக் கிழங்கோடு ஒரே குவியலாகப் போட்டு வைக்காத வெலிமடை விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் இடம் மண்சரிவு அபாய வலயத்தில் இருக்கிறதா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வலய வரைபடங்களிலும் பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். கடையையும் வீட்டையும் மட்டுமன்றி, பிரதி வைக்கப் போகும் உறவினர் வீட்டையும் அவ்வாறே பாருங்கள்.

மழைக்காலமும் கணக்கில் சேர வேண்டும். ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழையில் அதிகம் நனையும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவ மழையே பெரியது. எனவே ஹட்டனில் கடை வைத்திருப்பவர் ஒரு பிரதியை ஊவாப் பக்கத்து உறவினரிடமும், பதுளைக்காரர் ஹட்டன் பக்கத்திலும் வைப்பது சாதாரண ஆண்டுகளில் மிக நல்ல ஏற்பாடு. ஒருவருக்கு மண் சரியும் மாதத்தில் மற்றவரின் வீதி பெரும்பாலும் திறந்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் வங்காள விரிகுடாச் சூறாவளியும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். டித்வாவின்போது மலையின் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டதோடு, களனி கங்கை பெருகிக் கொழும்பை அண்டிய பகுதிகளும் நீரில் நின்றன. ஆகவே உறவினர் வீட்டுப் பிரதிக்கு மேலதிகமாக, தீவுக்கு வெளியே இருக்கும் முகில் சேவையில், அதாவது இணையத்தின் வழியே தரவை வைக்கும் கிளவுட் சேவையில், ஒரு பிரதியும் அவசியம். முகில் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது: கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாமல் கைத்தொலைபேசிச் சேவை நின்றிருக்கும் நாட்களில் முகிலில் இருப்பதைத் தொட முடியாது.

எனது பரிந்துரை இது. ஒரு பிரதி கடையில், கணினிக்கு வெளியே. ஒன்று இன்னொரு மலையில். ஒன்று முகிலில்.

ஹார்ட் டிஸ்க்கும் அன்றாட வேலையும்

ஒரே அளவுள்ள இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி, அவற்றின் மேல் 'அ', 'ஆ' என்று அழியாத மையால் எழுதுங்கள். இந்தக் கிழமை 'அ' கடையில் இருந்தால் 'ஆ' வெளியூரில் இருக்க வேண்டும். சரக்கு எடுக்கப் போகும் நாளிலோ கோயிலுக்குப் போகும் நாளிலோ மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது வெளியூர் டிஸ்க் முதலில் கடைக்கு வரட்டும், பின்னர் கடையிலிருந்தது போகட்டும் என்று பலர் செய்கிறார்கள்; அந்த ஓரிரவு இரண்டு டிஸ்க்குகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்றை வாங்கினால் இந்த இடைவெளி நீங்கும். பென் டிரைவ் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. அது தொலையும், காற்சட்டைப் பையில் நனையும், பிரிண்ட் எடுக்கப் போன கொமியூனிகேஷன் கடையின் கணினியிலிருந்து வைரஸைக் கொண்டு வரும்.

பிரதி எடுக்கும் முறையில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. டாலியும் பில் மென்பொருளும் திறந்திருக்கும்போதே அவற்றின் கோப்புறையைப் பிடித்து டிஸ்க்கில் ஒட்டிவிடுவார்கள். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அப்படிப் பிரதி செய்தால் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் வந்து, மீட்கும் நாளில் திறக்க மறுக்கலாம். எனவே மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பாவியுங்கள். டாலியில் அது தரவுப் பட்டியின் கீழ் இருக்கிறது. பில் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அதைப் பொருத்தித் தந்தவரை அழைத்து, அவர் செய்வதை உங்கள் ஊழியர் ஒருவர் தம் கையால் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.

கடைசி பில் போட்ட பின் நடக்க வேண்டியது இவ்வளவுதான்: மென்பொருளிலிருந்து பேக்கப் கோப்பு எடுக்கப்படும், அதன் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-03-14 என்பது போல அமையும், டிஸ்க் செருகப்பட்டு அந்தக் கோப்பு அதில் விழும், கோப்பின் அளவு நேற்றையதோடு ஒப்பிடப்படும், டிஸ்க் முறைப்படி விடுவிக்கப்பட்டு, அதன் விளக்கு அணைந்த பின் கழற்றப்படும். அளவை ஒப்பிடுவது சிறிய வேலை, ஆனால் பெரிய பயன் உண்டு. நேற்று 180 எம்பியாக இருந்த கோப்பு இன்று 4 எம்பியாக இருந்தால், எங்கோ கோளாறு இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். திகதியை ஆண்டிலிருந்து எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள். ஏழு நாட்களின் பிரதிகளும் பன்னிரண்டு மாத இறுதிப் பிரதிகளும் ஒவ்வொரு நிதியாண்டின் இறுதிப் பிரதியும் இருந்தால், மூன்று மாதத்துக்கு முன் யாரோ தவறுதலாக அழித்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கையும் எடுக்கலாம்.

டிஸ்க்கைப் பாதுகாக்க இரும்பு அலுமாரி வேண்டுமென்பதில்லை. இங்கே அதன் எதிரி ஈரம். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் புத்தகத்தின் அட்டையே பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். குளிர்ந்த வாகனத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டு வந்தவுடன் செருகாமல், அறையின் வெப்பத்துக்கு வரச் சிறிது நேரம் விடுங்கள். இடி மின்னல் காலமான ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் கணினியின் பிளக்கையும், செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்தால் அதையும் கழற்றி விடுவதே பாதுகாப்பு. சிறு யூபிஎஸ் ஒன்று மின்சாரம் போகும்போது பில்லை முடித்துக் கணினியை முறையாக நிறுத்த நேரம் தரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் கணக்கு மென்பொருள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கடையை விட்டு வெளியே போகும் டிஸ்க், கடவுச்சொல் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அடகுக் கடையிலோ பாமசியிலோ மக்களின் அடையாள அட்டை இலக்கங்களும் மருந்து விபரங்களும் இருக்கும். அவற்றைக் காப்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் பொறுப்பு. விண்டோஸின் புரொபெஷனல் பதிப்பில் உள்ள பிட்லொக்கர் போதுமானது. அது தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லும் மறந்து சாவியும் போனால் டிஸ்க்கைத் திறக்க எந்தத் தொழில்நுட்பவியலாளராலும் முடியாது.

இணைத்தே வைத்த டிஸ்க் பிரதி அல்ல

தரவைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும், கப்பம் கோரும் மென்பொருள் ஒரு கணினிக்குள் நுழைந்தால், அதோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகளையும் சேர்த்தே பூட்டிவிடும். 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரச முகில் அவ்வாறு தாக்கப்பட்டபோது, அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். வலையமைப்பில் இருந்த பிரதிகளும் தாக்குதலில் சிக்கின. அந்தக் காலத்துக்குரிய, வலையமைப்போடு இணையாத பிரதி ஒன்றும் இருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பாகவே இருந்தது. ஒரு நாட்டின் அமைச்சரவைக்கு நேர்ந்தது ஒரு பலசரக்குக் கடைக்கு நேராது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. தாக்கும் மென்பொருள் ஆளைப் பார்ப்பதில்லை.

ஆகவே பிரதி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதால், அதிலேயே கணக்கு ஓட்டுபவர்கள் மாறுவதற்குத் திட்டமிட வேண்டும். சிடியில் கிடைக்கும் திருட்டு மென்பொருளில் மிச்சம் பிடிக்கும் பணம் மிச்சமே அல்ல. தாக்குதல் நடந்துவிட்டால் கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்து, திரையைப் படம் பிடித்து, கணினித் தாக்குதல்களுக்கு உதவும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தை அழையுங்கள்.

முகில் சேவையின் வரம்புகள்

கூகுள் டிரைவ் 15 ஜிபியும் ஒன்டிரைவ் 5 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன. பெரும்பாலான கடைகளின் கணக்குத் தரவுக்கு இது தாராளம். ஸ்டூடியோக்களுக்கு அல்ல: 100 ஜிபி படங்களை விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் மேலேற்ற சுமார் 44 மணித்தியாலம் தடையின்றிப் பிடிக்கும். அவர்கள் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் இரவில் மேலேற்றி, முழுத் தொகுப்பையும் டிஸ்க்காகவே வெளியூருக்கு அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது. ஆண்ட்ராய்ட் தொலைபேசியின் வாட்ஸ்அப் பிரதியும் அதே 15 ஜிபியிலிருந்தே இடம் எடுக்கும் என்பதையும் கவனியுங்கள்.

கோப்புறையை முகிலோடு ஒத்திசைப்பதைப் பிரதி எடுப்பதாக எண்ணுவது ஆபத்தானது. கணினியில் நீங்கள் அழித்தது முகிலிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடந்து பின் நிரந்தரமாகப் போய்விடும். திகதியிட்ட பேக்கப் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் ஏற்றினால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

இதைவிடப் பெரிய பொறி உள்நுழைவில் இருக்கிறது. முகில் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் குறியீடு வந்து சேரும் தொலைபேசி மண்ணுக்கடியிலோ வெள்ளத்திலோ போயிருந்தால், புதிய சிம் எடுக்கும் வரை உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது. கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை இன்றே அச்சிட்டு, ஒரு தாளைப் பணப்பையிலும் ஒன்றை வெளியூர் டிஸ்க் இருக்கும் வீட்டிலும் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். வியாபாரத்தின் முகில் கணக்கு, இடையில் வேலையை விட்டுப் போகக்கூடிய ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தாளில் எழுதிய திட்டம்

மீட்புத் திட்டம் கணினிக்குள் இருந்தால் கணினியோடு போய்விடும். இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, உரிமையாளர், கணக்கைப் பார்ப்பவர், வெளியூரில் டிஸ்க் வைத்திருப்பவர் ஆகிய மூவரிடமும் ஒவ்வொன்று இருக்க வேண்டும். எந்தப் பிரதி எங்கே இருக்கிறது, அதை எடுக்க யாரை அழைப்பது, மாற்றுக் கணினி எங்கே கிடைக்கும், மென்பொருளின் உரிம இலக்கம் எது, எதை முதலில் மீட்பது, உரிமையாளரை அடைய முடியாவிட்டால் யார் முடிவெடுப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை இதில் எழுத வேண்டாம்; ஒட்டிய உறையில் தனியாக வையுங்கள். கணினி திருத்துபவர் சிங்களம் மட்டும் வாசிப்பவராக இருந்தால் தொழில்நுட்பப் பகுதியைச் சிங்களத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அவருக்குத் தமிழில் எழுதியதை வாசித்து விளக்கிக்கொண்டிருக்க நேரம் இராது.

வீதி மூடியிருக்கும் நாட்களுக்கான வரி ஒன்றும் அதில் தேவை. கடை நல்லபடியாக இருந்தும் கினிகத்தேனைப் பாதையோ கடுகண்ணாவைப் பாதையோ அடைபட்டு சரக்கும் திருத்துபவரும் வர முடியாத நிலை, கடை அழிவதை விட அதிகமாக நேர்வது. அதற்குக் கையால் எழுதும் பில் புத்தகங்களும், அச்சிட்ட விலைப்பட்டியலும், மாத முதல் நாள் அச்சிட்ட நிலுவைப் பட்டியலும் போதும்.

எச்சரிக்கை வரும் நாளில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் வந்ததும் அன்றைய பிரதியை இரவுக்குக் காத்திராமல் எடுத்து, முகிலிலும் ஏற்றிவிடுங்கள்; மின்சாரமும் இணையமும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. செம்மஞ்சளில் கணினியை நிறுத்தி, எல்லா இணைப்பையும் கழற்றி, கடை டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கடையை மூடுங்கள். சிவப்பில் எதையும் எடுக்க நிற்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிவு இறங்கியது ஒரு காலை வேளையில். வீட்டுக்குள் எதையேனும் எடுக்கத் திரும்பிப் போக அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கொப்பிக்காகவோ கணினிக்காகவோ யாரும் கடைக்குள் திரும்பிப் போகக் கூடாது என்பதைத் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதுங்கள், ஊழியர்களுக்கும் சொல்லி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெளியூர் டிஸ்க் கைக்கு வரும் நாளில், கடைக் கணினியைத் தொடாமல் ஒரு மடிக்கணினியைக் கடன் வாங்கி அதில் கடையை எழுப்பிப் பாருங்கள். நல்ல கணக்கின் மேலேயே பழைய பிரதியை ஏற்றி, இன்றைய கணக்கை அழித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேறு கணினி, ஆகக் குறைந்தது வேறு கோப்புறை, கட்டாயம். மென்பொருளை நிறுவி, பேக்கப்பை ஏற்றிய பின் மூன்றைத் திறந்து பாருங்கள்: கடைசி நாளின் கடைசி பில், நீண்ட காலமாகக் கடன் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரின் நிலுவை, கடந்த மாத ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல். மூன்றும் தாளில் உள்ளதோடு ஒத்துப்போனால் பிரதி நல்லது. தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் திட்டத் தாளில் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலம் என்று நினைத்தது, உரிமம் புதிய கணினியில் ஏற்காமல் இரண்டு நாளாக நீள்வது இந்த ஒத்திகையில்தான் தெரிய வரும். இயலுமானால் உரிமையாளர் இல்லாத நாளில், தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் செய்து பார்க்கட்டும்.

மீட்கும்போது

வெள்ளத்தில் மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் காய வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே சேறு உலர்ந்து ஒட்டிய பின் அது சுழன்றால் மீட்கக்கூடியதும் போய்விடும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, வேறு பிரதி எதுவுமே இல்லாவிட்டால் மட்டும், தரவு மீட்பவரிடம் கொடுங்கள். செலவு அதிகம், பலன் நிச்சயமில்லை.

நல்ல பிரதி கையில் இருந்தால், மூலப் பிரதியில் எதையும் எழுதாமல் அதிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்தே மீட்டெடுங்கள். அவசரத்தில் கைதவறினாலும் மூலம் மிஞ்சும். முதலில் வர வேண்டிய நிலுவைகள், பின் கொடுக்க வேண்டியவை, பின் சரக்கு, கடைசியில் பழைய ஆண்டுகள் என்ற வரிசை பெரும்பாலான கடைகளுக்குப் பொருந்தும். சம்பள நாள் நெருங்கியிருந்தால் ஊழியர் பதிவு முன்னே வரும். கடைசிப் பிரதிக்கும் அனர்த்தத்துக்கும் இடைப்பட்ட நாட்களின் விற்பனையைக் கையெழுத்துப் பில்களிலிருந்தும் வங்கி வைப்புப் பதிவுகளிலிருந்தும் வாட்ஸ்அப் கட்டளைகளிலிருந்தும் திகதி வாரியாகச் சேர்த்து எழுதுங்கள். ஊகித்துச் சேர்த்த எந்தத் தொகைக்கும் அருகே அது ஊகம் என்று குறிப்பிடுங்கள், கணக்காளர் பின்னர் கேட்பார். மீட்ட கணினியில் புதிய பில் போடத் தொடங்குவதற்கு முன், புதிய டிஸ்க் ஒன்றில் அன்றைய திகதியோடு பிரதி எடுத்து, அதை இன்னொரு மலைக்கு அனுப்பிவிடுங்கள். பழைய 'அ', 'ஆ' டிஸ்க்குகளை ஆறு மாதத்துக்கு அப்படியே விட்டு வையுங்கள்.